டேட்டாவுக்குள் இறங்கிய டார்சே மக்கள்

கேள்வி இது: "ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரில் 'மாஸ்க்ஸ்' அத்தியாயம் பார்த்தேன். ஆண்ட்ராய்டான டேட்டாவின் மூளைக்குள் வேற்றுலக ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசுகிறார்கள். இது ஹேக்கிங்கா, ஆளுமைப் பிளவா, பேய் பிடித்ததா? கப்பலின் கேப்டன் பிக்கார்ட், அந்த ஆட்களை அனுப்பிய காப்பகத்தைச் சுட்டுத் தள்ளாமல் முகமூடி போட்டுக்கொண்டு எதற்காகப் போய் உட்கார்ந்தார்? எனக்குப் புரியவில்லை."

பலருக்கும் புரியாத அத்தியாயம்தான். 1994 பிப்ரவரி 21 அன்று ஒளிபரப்பானது, ஏழாவது பருவம். தொடரின் ரசிகர்களிலேயே பாதிப்பேர் இதைத் தோல்வி என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் மறு பாதியைச் சேர்ந்தவன். பல முறை பார்த்திருக்கிறேன். எனக்கு இது புரியத் தொடங்கியது ஆங்கிலத்தில் யோசிப்பதை நிறுத்திய பிறகுதான். ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறார்கள். நம்மிடம் மூன்று சொற்கள் இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு நிகழ்வுகள்: கூடு விட்டுக் கூடு பாய்தல், பேய் பிடித்தல், சாமி இறங்குதல். டேட்டாவுக்கு இந்த மூன்றும் நடந்திருக்கின்றன, மூன்று வெவ்வேறு அத்தியாயங்களில். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிக்கார்ட் செய்தது தானாகவே விளங்கிவிடும்.

முதலாவது, 1989இல் வந்த 'தி ஸ்கிட்சாய்டு மேன்'. ஐரா கிரேவ்ஸ் என்ற கிழட்டு விஞ்ஞானி சாகக் கிடக்கிறார். டேட்டாவைப் படைத்த நூனியன் சூங்குக்கே கற்றுக்கொடுத்தவர் தான் என்று சொல்லி, டேட்டாவிடம் தாத்தா முறை கொண்டாடுகிறார். சாகும் முன் தன் மனதை டேட்டாவின் உடலுக்குள் இறக்கிவிடுகிறார், டேட்டாவைக் கேட்காமலேயே. இது அப்பட்டமான கூடு விட்டுக் கூடு பாய்தல். சித்தர் கதைகளில் வருகிற அதே வித்தைதான், ஒரு வித்தியாசம்: கதையில் சித்தர் உயிர் போன உடலைத் தேடிப் போவார், கிரேவ்ஸ் உயிரோடு இருப்பவனின் வீட்டுக்குள் புகுந்து குடியிருந்தவனை வெளியே தள்ளப் பார்க்கிறார். உள்ளே இருப்பது ஒரே ஒருவர், அவருக்கு ஒரே ஆசை: சாகக் கூடாது. கடைசியில் தன் முரட்டுத்தனத்தால் பிறருக்குக் காயம் நேர்வதைக் கண்டு தானே வெளியேறிக் கப்பலின் கணினிக்குள் போய்விடுகிறார். அங்கே அவருடைய அறிவு மிஞ்சுகிறது, அவர் மிஞ்சவில்லை.

இரண்டாவது, 1992இல் வந்த 'பவர் ப்ளே'. ஒரு நிலவில் சிறை வைக்கப்பட்ட, உடல் பறிக்கப்பட்ட கைதிகள் டேட்டா, அவனுடைய சக ஊழியர்கள் ட்ராய், ஓ'பிரையன் மூவருக்குள்ளும் புகுந்துகொள்கிறார்கள். இருநூறு வருடத்துக்கு முன் அங்கே செத்துப்போன கப்பல் மாலுமிகள் நாங்கள் என்று பொய் சொல்கிறார்கள். ஆட்களைப் பிணைக் கைதியாக்கி மிரட்டுகிறார்கள். பேய் பிடித்தலுக்குரிய எல்லா அடையாளமும் இதில் உண்டு. பேயை எப்படி விரட்டுவார்களோ அப்படித்தான் பிக்கார்டும் விரட்டுகிறார்: போகாவிட்டால் எல்லோரும் சேர்ந்து சாவோம் என்று எதிர்த்து நின்று.

'மாஸ்க்ஸ்' மூன்றாவது வகை. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிக்கார்டின் கப்பலான எண்டர்பிரைஸ் ஒரு தனிவழி வால்மீனை ஆராய்கிறது. டார்சே என்ற விண்மீன் மண்டலத்திலிருந்து 8 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டு வந்தது அது. பனிக்கூட்டுக்குள் ஒரு கட்டுமானம் ஒளிந்திருக்கிறது. அழிந்துபோன ஒரு நாகரிகத்தின் காப்பகம். அது கப்பலின் பொருளையே எடுத்து உருமாற்றத் தொடங்குகிறது: கருவிகள் இருந்த இடத்தில் கல், கொடி, சிலைகள், குறியீடு பொறித்த பொருட்கள். அதே நேரத்தில் டேட்டாவின் மூளைக்குள் ஆட்களை எழுப்புகிறது. கேலியும் தந்திரமும் கொண்ட இஹாத். பலியாகப் போகிறோம் என்று நடுங்கும் ஒருவர். மசாக்காவின் தந்தையான ஒரு முதியவர். எல்லோரும் சொல்வது ஒரே செய்தி: மசாக்கா விழித்துக்கொண்டிருக்கிறாள். மசாக்கா சூரியன். எரித்தே ஆளும் அரசி. அவளை அடக்கக்கூடியவன் கோர்கானோ ஒருவன்தான், அவன் நிலவு.

இந்த ஆட்களில் ஒருவருக்காவது டேட்டாவின் உடல் வேண்டும் என்று ஆசை இருக்கிறதா பாருங்கள். யாருக்கும் இல்லை. கிரேவ்ஸைப் போல வாழ்ந்துகொள்ளவோ, அந்தக் கைதிகளைப் போலத் தப்பிக்கவோ இவர்கள் வரவில்லை. இவர்களுக்குக் கப்பல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எதிரே நிற்கும் பிக்கார்டைத் தங்கள் கதைக்குள் இருக்கும் ஒரு மனிதனாக மட்டுமே பார்க்கிறார்கள். அவர்கள் தங்கள் கதையை நடத்த வந்திருக்கிறார்கள். அதற்கு ஓர் உடலும், ஒரு களமும், எதிரே நின்று பதில் சொல்ல ஆட்களும் வேண்டும். உடல் டேட்டா, களம் கப்பல்.

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வில்லுப்பாட்டில் அந்தச் சாமியின் பிறப்பும் வாழ்வும் சாவும் வரிசையாகப் பாடப்படும். கதை ஒரு கட்டத்தை எட்டும்போது சாமியாடிக்கு அருள் வரும். வந்தது யார் என்று கேட்பார்கள். அதன் பெயர் சொல்லி, அதற்குரிய மரியாதையோடு, அதற்குரிய முறையில் பேசுவார்கள். எதிரே ஆடுவது பக்கத்து வீட்டு மனிதர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அவர் பெயரைச் சொல்லி அழைத்து "ஏம்ப்பா, நிறுத்து" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் பயன் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, சாமியை மலையேற்றி அனுப்ப வேண்டும். அதுதான் முறை. டேட்டாவைப் பார்த்து "டேட்டா, நீ இருக்கிறாயா?" என்று கூப்பிடும் காட்சிகள் ஒன்றுக்கும் உதவாமல் போவதும், "மசாக்கா யார்? அவள் கோயில் எங்கே?" என்று பிக்கார்ட் கேட்கத் தொடங்கியதும் கதவு திறப்பதும் அதனால்தான்.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் கொடை பார்த்துவிட்டு எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சூரியனும் நிலவும் ஒருவரை ஒருவர் துரத்துவது உலகம் முழுக்க இருக்கும் கதை. அதை எடுத்து வைத்திருக்கிறார்கள். நமக்கு அதைப் படிக்கும் பழக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கேள்வியின் முதல் பகுதி. ஆயிரம் பேர் இருக்கும் கப்பலில் டேட்டாவை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தது அந்தக் காப்பகம்?

இயந்திரக் கணக்குப்படி ஒரு பதில் உண்டு. 1989இல் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' அத்தியாயத்தில் நீதி விசாரணைக் கூண்டில் நின்று டேட்டாவே தன் அளவைச் சொல்கிறான்: கொள்ளளவு 800 குவாட்ரில்லியன் பிட், வேகம் நொடிக்கு 60 டிரில்லியன் செயல்கள். கொள்ளளவை இன்றைய அளவில் சொன்னால் 1 லட்சம் டெராபைட். அந்த வேகத்தை இப்போது ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டையே எட்டிவிடுகிறது என்பது வேறு விஷயம். 1989இல் எழுதியவர்களுக்கு அது எட்டாத உயரம். ஒரு நாகரிகத்தின் ஆட்களை எழுப்பி நடக்கவிட இடம் வேண்டும் என்றால், கப்பலில் அந்த இடம் இருப்பது இரண்டே இடத்தில்: கப்பலின் கணினி, டேட்டா. இரண்டில் டேட்டாவுக்குத்தான் கையும் காலும் முகமும் குரலும் இருக்கின்றன.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. டேட்டா பிறந்ததிலிருந்தே ஒரு காப்பகம். ஒமிக்ரான் தீட்டா என்ற குடியிருப்பில் அவனைச் செய்தார்கள். அந்தக் குடியிருப்பை ஒரு படிக உயிரி முழுதாக அழித்துவிட்டது. அங்கே வாழ்ந்த 411 பேரின் பதிவுகளும் டேட்டாவுக்குள் ஏற்றப்பட்டிருந்தன. அதாவது, அவன் கண் திறந்தபோதே செத்துப்போன ஓர் ஊரைச் சுமந்துகொண்டுதான் கண் திறந்தான். 1988இல் 'டேட்டாலோர்' அத்தியாயத்தில் இது வருகிறது. வேறொரு ஊர் தன்னை இறக்கிவைக்க இடம் தேடி வந்தபோது, ஏற்கெனவே ஒரு ஊரைச் சுமப்பவனிடம் வந்து சேர்ந்தது என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதியவர் அப்படி நினைத்தாரோ இல்லையோ, இரண்டையும் பார்த்தவர்களுக்கு அது சேர்ந்துதான் தெரியும்.

ஆளுமைப் பிளவா என்றால், இல்லை. மருத்துவத்தில் சொல்லப்படும் நிலை வேறு. 1994இல், இந்த அத்தியாயம் வந்த அதே ஆண்டில், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டின் நான்காம் பதிப்பு 'பல ஆளுமை' என்ற பழைய பெயரைக் கைவிட்டு விலகல் அடையாளக் கோளாறு என்ற பெயரை எடுத்துக்கொண்டது. பெயர் மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கருத்து இருக்கிறது: உள்ளே பல மனிதர்கள் குடியிருப்பதாகப் பார்க்கக் கூடாது, ஒரே மனிதரின் அடையாளம் ஒன்றாகச் சேராமல் நிற்பதாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சிறுவயதுக் கொடுமைகளோடு தொடர்புபடுத்தப்படும் துன்பம் அது. அந்த மனிதரின் சொந்த வாழ்க்கையிலிருந்து முளைப்பது. டேட்டாவுக்குள் வந்தவர்களுக்கும் டேட்டாவின் வாழ்க்கைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தயவுசெய்து இரண்டையும் ஒன்றாகப் பேச வேண்டாம், அந்த நிலையோடு வாழ்கிறவர்களுக்கு அது வலிக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: 'ஸ்கிட்சாய்டு' என்ற சொல்லுக்கும் பிளவுபட்ட ஆளுமைக்கும் சம்பந்தம் கிடையாது. உறவுகளிலிருந்து ஒதுங்கியே வாழும் ஆளுமைப் பாங்கைக் குறிக்கும் சொல் அது. அந்த 1989 அத்தியாயத்தின் தலைப்பை வைத்துப் பலரும் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் டேட்டாவின் பக்கத்திலிருந்து இது பயங்கரமான அனுபவம்தான். நண்பன் ஜோர்டியிடம் அவன் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது: ஒருவருக்குப் புத்தி பேதலிக்கும்போது எப்படி இருக்கும்? கேட்டுவிட்டு, தனக்கு அதுதான் நடக்கிறது என்று நினைப்பதாகச் சொல்கிறான். உணர்ச்சி இல்லாதவன் என்பதால் குரலில் நடுக்கம் இல்லை. நடுக்கம் இல்லாமல் கேட்கப்படுவதால் அந்தக் காட்சி என்னை இன்னும் அதிகமாக உலுக்குகிறது.

ஹேக்கிங் என்பது வழியைப் பொறுத்தவரை சரி. அனுமதி கேட்காமல் நுழைந்து எழுதியிருக்கிறது. நோக்கத்தைப் பார்த்தால் அந்தச் சொல் பொருந்தாது. நம் காலத்தில் உண்மையாகவே விண்வெளிக்கு அனுப்பப்பட்ட காப்பகம் ஒன்றோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1977இல் இரண்டு வாயேஜர் கலங்களிலும் தங்கமுலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்றை வைத்து அனுப்பினார்கள். 55 மொழிகளில் வாழ்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், சுமார் 90 நிமிட இசை. கேசர்பாய் கேர்கர் பாடிய இந்துஸ்தானிப் பாட்டும் அதில் உண்டு. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் இருக்கும் அந்த வாழ்த்துப் பட்டியலில் தமிழ் இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை. எப்படி ஓட்டிக் கேட்பது என்று மேலுறையில் படம் வரைந்திருக்கிறார்கள், கூடவே ஊசியும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டு காத்திருக்கும். யாராவது எடுத்து, புரிந்து, ஊசியை வைத்தால்தான் பேசும்.

டார்சே மக்கள் அப்படிக் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை. 8 கோடியே 70 லட்சம் ஆண்டு என்றால் யோசியுங்கள், நம் பூமியில் டைனோசர்கள் அழிவதற்கு இன்னும் 2 கோடி ஆண்டுகள் இருந்தன. அத்தனை காலம் கழித்து எடுப்பவருக்கு எந்த மொழி தெரியும்? படம் வரைந்து வைத்தால் மட்டும் புரிந்துவிடுமா? ஒரு சடங்கின் பொருளை எழுத்தில் கொடுத்தால் எவ்வளவு வந்து சேரும்? கூத்தைப் புத்தகமாகப் போட்டால் பாட்டு மட்டும்தான் மிஞ்சும், கூத்து மிஞ்சாது. ஆகவே கூத்தையே மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறார்கள், ஆடுபவர்களும் களமும் சேர்த்து. எடுத்தவர் படிக்க வேண்டாம், உள்ளே வந்து நிற்க வேண்டியதுதான். எடுத்தவருக்கு இதனால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்தக் கதையில் குற்றம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது இதுதான்.

வால்மீனைப் பெட்டியாகத் தேர்ந்தது நல்ல யோசனை. வால்மீன் கரைவது சூரியனை நெருங்கும்போதுதான். எந்த விண்மீனையும் சுற்றாமல் இருட்டில் போய்க்கொண்டே இருந்தால் பனி அப்படியே நிற்கும். இந்த அத்தியாயம் வந்தபோது வேறு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த வால்மீன் எதையும் யாரும் பார்த்ததில்லை. 2019இல்தான் போரிசோவ் வால்மீன் நம் மண்டலத்துக்குள் நுழைந்து போனது. அதைப் பற்றிப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது மசாக்காதான்.

இனி பிக்கார்ட். டார்பீடோ யோசனை கப்பலில் எழாமல் இல்லை. அவர்தான் தயங்குகிறார். பலர் இதைத் தொல்லியல் பித்து என்று சொல்வார்கள். பித்து உண்டு. ஆனால் கப்பல் பாதி உருமாறி, டேட்டாவும் அவர்கள் கைக்குள் இருக்கும் நிலையில் மூலத்தை உடைத்துவிட்டால் போனது திரும்பும் என்பதற்கு என்ன உறுதி? பாதியில் மேளத்தை நிறுத்தினால் சாமியாடியின் கதி என்ன என்று நம் ஊரில் பயப்படுவார்களே, அந்தப் பயம்தான்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. முந்தைய ஆண்டில், 1993 ஏப்ரலில் வந்த 'தி சேஸ்' அத்தியாயம். பிக்கார்டின் தொல்லியல் ஆசான் கேலன் அவருக்கு ஒரு பரிசு கொண்டுவருகிறார்: குர்லன் நாகரிகத்தின் 12 ஆயிரம் ஆண்டுப் பழமையான சிலை ஒன்று. திறந்தால் உள்ளே சின்னச் சின்னதாகப் பல உருவங்கள். ஒரு மனிதர் என்பவர் தனி ஆள் கிடையாது, உள்ளே பல குரல்கள் கூடி வாழும் ஒரு சமூகம் என்பது குர்லன் மக்களின் நம்பிக்கை என்று பிக்கார்டே அங்கே விளக்குகிறார். அந்தத் திரைக்கதையை எழுதியவர் ஜோ மெனோஸ்கி. 'மாஸ்க்ஸ்' எழுதியதும் அவரேதான். உருவகங்களாலேயே பேசும் மக்களைக் காட்டிய 1991இன் 'டார்மாக்' திரைக்கதையும் அவருடையது. மூன்றையும் வரிசையாக வைத்தால் ஒரே மனிதர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பது தெரியும்: முன்பின் தெரியாத ஒரு மக்களின் கதைக்குள் போகாமல் அவர்களோடு பேச முடியுமா? 'மாஸ்க்ஸில்' அந்தக் குர்லன் சிலையே டேட்டாவாக எழுந்து நடக்கிறது.

அதனால்தான் பிக்கார்ட் கோயிலை அழிக்கப் பார்க்காமல் கட்டித் தருகிறார். காப்பகத்தின் உருமாற்றும் நிரலைக் கொண்டே கோயிலை வரவழைக்கிறார். முகமூடி அணிந்த மசாக்காவாக டேட்டா அரியணையில் அமர்கிறான். யார் பேசினாலும் அவள் காதில் ஏறாது, கோர்கானோவிடம் மட்டுமே பேசுவாள். கதையில் கோர்கானோவின் இடம் காலியாக இருக்கிறது. அதுதான் முடிச்சு. சூரியனை மட்டும் எழுப்பிவிட்டு நிலவை எழுப்பாமல் விட்டதால்தான் எல்லாம் எரிந்தது. பிக்கார்ட் நிலவைக் குறிக்கும் பிறைக் குறியீட்டைக் கண்டுபிடித்து, கோர்கானோவின் முகமூடியை வரவழைத்து, அணிந்துகொண்டு போய் நிற்கிறார். மசாக்காவைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. துரத்துவதற்கு ஆள் இல்லாமல் வானத்தில் தனியாக நிற்கும் அலுப்பை அவளுக்கு நினைவூட்டுகிறார். மறுபடி வேட்டை தொடங்க வேண்டும் என்றால் இப்போது நீ உறங்க வேண்டும் என்கிறார். அவள் சம்மதிக்கிறாள். கப்பல் திரும்புகிறது, டேட்டா திரும்புகிறான். மசாக்கா மலையேறிவிட்டாள் என்று சொல்வதைவிடச் சரியான வாக்கியம் எனக்கு எந்த மொழியிலும் கிடைக்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. குறியீடுகளை வைத்து விடை கண்டுபிடிக்கும் பகுதி மிக அவசரம், ஓர் அறையில் நின்று பேசியே முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு பேசப்பட்ட கோயில் வந்து நிற்கும்போது ஒரு சிறிய அரங்கமாகத்தான் இருக்கிறது. உருமாறிய கப்பலைக் காட்டுவதைவிட அறிக்கையாக வாசிப்பதே அதிகம். பணமும் நேரமும் இல்லாமல் போனது கண்ணுக்குத் தெரிகிறது.

டேட்டாவாக நடித்த ப்ரெண்ட் ஸ்பைனரின் நடிப்பைக் கேலி செய்பவர்களோடு மட்டும் நான் உடன்பட மாட்டேன். முந்தைய வார அத்தியாயத்திலும் அவர்தான் மையப் பாத்திரம். தயாராக நேரமே கிடைக்கவில்லை, பல மாதங்கள் கிடைத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதே சீருடை, அதே வெளிறிய முகம். தோளின் சாய்வையும் குரலையும் கொண்டே ஆட்களை மாற்றிக் காட்டுகிறார். நாற்காலியில் குறுகி உட்காரும்போது முதியவர், நிமிர்ந்து உதட்டைச் சுழிக்கும்போது இஹாத். இஹாத் பயப்படத் தொடங்கும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். அதுவரை எல்லோரையும் சீண்டிக்கொண்டிருந்த குரல் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முடிவில் பிக்கார்ட் டேட்டாவிடம் சொல்வதைக் கவனித்தீர்களா? மனிதனாக வேண்டும் என்பது டேட்டாவின் நெடுநாள் ஏக்கம். நீ முழு மனிதனாக ஆகாமலே போகலாம், ஆனால் எந்த மனிதனுக்கும் கிடைக்காத ஒன்று உனக்குக் கிடைத்தது, நீ ஒரு முழு நாகரிகமாகவே இருந்திருக்கிறாய் என்ற பொருளில் பேசுகிறார். அத்தியாயத்தின் தொடக்கத்தில் ட்ராய் நடத்தும் களிமண் வகுப்பில் குழந்தைகளோடு உட்கார்ந்து, 'இசையைச் செய்' என்றதும் இசைக்குறி ஒன்றைச் செய்து வைத்தவன் அவன். கற்பனை வரவில்லையே என்று அங்கே தொடங்கிய கதை இங்கே வந்து முடிகிறது.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் நேராக 'மாஸ்க்ஸுக்கு'ப் போகாதீர்கள். முதலில் 'டேட்டாலோர்' பாருங்கள், பிறகு 1991இல் வந்த 'சிலிகான் அவதார்'. இரண்டாவதில் ஒமிக்ரான் தீட்டாவில் மகனைப் பறிகொடுத்த கீலா மார் என்ற விஞ்ஞானி வருகிறார். பதினாறு வயதில் செத்த பையன். அவனுடைய நாட்குறிப்பு டேட்டாவுக்குள் இருக்கிறது என்று தெரிந்ததும் அந்தத் தாய் அதைக் கேட்கிறார். டேட்டா வாயைத் திறக்கிறான், பையனின் குரலிலேயே பேசுகிறான். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து இஹாத்தைக் கேளுங்கள்.